26 கிலோமீட்டர் கம்பி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளிகள் கூண்டில் ஏறி உள்ளே இறங்கினார்கள். மேலிருந்து அடிவரை ஒரே கூண்டு போனதில்லை. ஒரு குழியில் இறங்கி, நிலத்தடியில் நடந்து, அடுத்த குழியின் கூண்டில் ஏற வேண்டும். அதற்கான காரணங்களில் ஒன்று: கூண்டைத் தூக்கும் எஃகுக் கயிறு முதலில் தன்னைத் தானே தூக்கியாக வேண்டும். கயிற்றைத் தடிமனாக்கினால் தீராதா? தீராது. பலம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, எடையும் அத்தனை மடங்கு கூடிவிடும்.

இதே கணக்கு ஒரு கிடாருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் டெனர் கிடார். வழக்கமான கிடாருக்கு ஆறு தந்திகள், இதற்கு நான்குதான். 1920-களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசித்தவர்கள், ரசிகர்களின் காது கிடார் பக்கம் திரும்புவதைப் பார்த்தார்கள். புதிதாக விரல் பழகப் பொறுமையில்லை. பாஞ்சோவின் சுருதி அமைப்பையே கிடார் உடம்பில் பொருத்தி, மார்ட்டின், கிப்ஸன் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுத்த கருவி இது. சோம்பலுக்குப் பிறந்த பிள்ளை என்றாலும், அழகான பிள்ளை.

இதில் அதிகம் ஆதாயம் அடைந்தவர்கள் மாண்டலின்காரர்கள். மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. கீழிருந்து மேலாக அவை நொடிக்கு 196, 294, 440, 659 முறை அதிர்கின்றன. இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஒன்றரை மடங்கு. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு அதுதான். ச–ப, ச–ப என்று அடுக்கிய படிக்கட்டு. டெனர் கிடாரின் தந்திகள்? 131, 196, 294, 440. மூன்று எண்கள் அப்படியே இருக்கின்றன! உச்சியில் ஒரு படியை எடுத்து அடியில் வைத்தாற்போல.

படிகளின் இடைவெளி மாறாததால் விரல் வைக்கும் வடிவங்களும் மாறுவதில்லை. மாண்டலினில் பழகிய ஒரு வரிசையை விரல்பலகையின் அதே மெட்டுகளில் வைத்தால் டெனர் கிடாரிலும் அது ஒலிக்கும், தாழ்ந்த சுருதியில். மேற்கத்திய முறையில் பயின்றவருக்கு இங்கே கொஞ்சம் தலை சுற்றும்; எல்லா ஸ்வரங்களுக்கும் பெயர் மாறிவிடுகிறது. நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஐந்து கட்டையில் பாடியதை ஒரு கட்டையில் பாடுகிறோம், அவ்வளவுதான். ச எப்போதும் ச.

சரி, அந்த உச்சிப்படியை ஏன் எடுத்தார்கள்? 659-ஐயும் வைத்திருந்தால் ஐந்து தந்தியாக ஜொலித்திருக்குமே?

இங்கேதான் சுரங்கக் கயிறு வருகிறது. மாண்டலின் தந்தியில் அதிரும் பகுதி சுமார் 35 சென்டிமீட்டர். டெனர் கிடாரில் சுமார் 58. நீளம் கூடினால் ஒலி தாழும். அதே ஸ்வரம் வேண்டுமென்றால் கூடுதலாக முறுக்க வேண்டும். டெனர் கிடாரின் மேல் தந்தி கால் மில்லிமீட்டர் தடிமன், மூன்று நான்கு தலைமுடி சேர்ந்த அளவு. அதை 440-க்கு முறுக்கினால் சுமார் பத்தரை கிலோ இழுவிசை. ஒரு சின்ன அரிசி மூட்டையை அந்தக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டது போல. அப்போது கம்பியில் அலை ஓடும் வேகம் நொடிக்கு 510 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் 340தான். தந்தி, தான் எழுப்பும் ஓசையைத் தானே முந்துகிறது.

அந்த முறுக்கைச் சுரங்க மொழியில் சொல்லலாம். அதே கம்பியை வானத்திலிருந்து தொங்கவிட்டு, அதன் எடையே மேல்முனையை அதே அளவு இறுக்க வேண்டுமென்றால், கம்பி 26 கிலோமீட்டருக்கும் சற்று கூடுதலான நீளம் இருக்க வேண்டும். எட்டு சாம்பியன் ரீஃப் ஆழம்! மடியில் கிடக்கும் ஒரு கிடாரில். இசைக்கருவிக்கான நல்ல எஃகுக் கம்பி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் அளவுக்குத்தான் தாங்கும். 58 சென்டிமீட்டரில் 659 வேண்டுமென்றாலோ கணக்கு 60-ஐ நெருங்குகிறது. முறுக்காணியைத் திருப்பும்போதே கம்பி அறுந்துவிடும். தடித்த கம்பி? பயனில்லை, சுரங்கத்தில் கேட்ட அதே பதில். மாண்டலின் குட்டையாக இருப்பதால் 659-லும் அதன் தந்திக்கு 22 கிலோமீட்டர்ச் சுமைதான்.

குட்டைக்கும் விலை உண்டு. மாண்டலினில் மீட்டிய நாதம் சட்டென்று அடங்கும். நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் வலக்கை படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கமகம் இன்னும் தொல்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், ஜோடியின் இரண்டும் மயிரிழை பிசகாமல் சேர்ந்து இழுபட வேண்டும், பிசகினால் அபஸ்வரம்.

பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து சென்னையில் வளர்ந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இதைத் தீர்த்த விதம் நினைவுக்கு வருகிறது. மின்சார மாண்டலினை எடுத்தார். ஜோடிகளைப் பிரித்து ஒற்றைத் தந்திகளாக்கினார். தாழ்ந்த ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி சேர்த்தார். ஒற்றைத் தந்தி, அடியில் ஒரு படி கூடுதல்: டெனர் கிடாரும் செய்வது அதையேதான். பாஞ்சோக்காரர்களின் அவசரமும் கர்நாடக இசையின் தேவையும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. ஸ்ரீநிவாஸ் டெனர் கிடார் தேடிப் போகவில்லை; மாண்டலினையே பாதி வழி அழைத்து வந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

டெனர் கிடாரில் நாதம் நிற்கும், அடிக்குரல் கனக்கும். இடக்கைக்குத்தான் சோதனை. முதல் மெட்டிலிருந்து ஆறாவது மெட்டுவரை மாண்டலினில் 8 சென்டிமீட்டர்; கைபேசியை அகலவாட்டில் பிடிப்பது போல. இங்கே கிட்டத்தட்ட 14. அதை நீளவாட்டில் பிடிப்பது போல. ஓடியோடி விரல் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. சாம்பியன் ரீஃபின் அடிவரை, 3.2 கிலோமீட்டருக்கு, ஒரு வெறுங்கம்பி தொங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல்முனை எவ்வளவு இறுகியிருக்குமோ, அந்த அளவுக்கு மட்டும் டெனர் கிடார் தந்தியை முறுக்கி மீட்டினால், அதிர்வெண் 153. இரண்டரைக் கட்டைக்கு ஒரு இம்மி கீழே.