முடித்த பின்னலும் தொடங்கும் பின்னலும்

ஓர் ஆசிரியை ஓய்வு வேளையில் கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தால், சுற்றி நிற்கும் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “இது யாருக்கு, டீச்சர்?” என்பது. இரண்டாவது கேள்வி, “எப்போது முடியும்?” என்பது. முதற் கேள்விக்கு நான் என்றுமே உடனே விடை சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்ல எனக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் கற்றதையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் கொல்லிமலையில் கணக்குப் பாடம் நடத்தியவள். வல்வில் ஓரியின் மலை என்று நீங்கள் இலக்கிய வகுப்பில் படித்திருக்கும் அதே மலைதான்; இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரம். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் நிலம். உதகையின் குளிர் இங்கே இல்லை. ஆயினும், மார்கழியில் விடியற்காலைப் பனி இறங்கும்போது, சமவெளியிலிருந்து பருத்திப் புடைவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்து சேர்ந்த எனக்குக் காது இரண்டும் மரத்துப் போயின. உதகையில் செவிலியராகப் பணியாற்றிய என் அத்தை, அந்த ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் எனக்கு ஒரு குல்லாவைத் தருவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் இரண்டு ஊசிகளையும் ஒரு நூற்கண்டையும் என் கையில் கொடுத்து, “உட்கார்” என்றார். அதன் விளைவாக இன்று என் வீட்டு மரப்பெட்டி ஒன்று நூலால் நிறைந்து மூட மறுக்கிறது.

பின்னல் என்பது என்ன? அடிவாரத்து இராசிபுரத்தில் கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு நெசவு தெரியும். அங்கே பாவு நூல்கள் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல் குறுக்கே போய் வரும். பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல்தான். ஓர் ஊசியில் கண்ணிகள் வரிசையாக நிற்கும். இரண்டாம் ஊசியை முதற் கண்ணிக்குள் நுழைத்து, நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தால், பழைய கண்ணிக்குள்ளிருந்து ஒரு புதுக் கண்ணி பிறக்கும். பிறகு பழையதை ஊசியிலிருந்து நழுவ விட்டுவிடலாம். புதியது அதைத் தாங்கிக்கொள்ளும். இப்படியே வரிசையின் கோடிவரை சென்று, ஊசிகளைக் கை மாற்றித் திரும்ப வேண்டும்.

காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு கோடிவரை போய், வளைந்து, சற்றே மேலே வந்து, மறு கோடிக்குப் போகும் அந்தப் பாதையைப் போலத்தான் நூலும் வரிசை வரிசையாக மேலேறுகிறது. (அந்தப் பேருந்தில் உட்கார்ந்து பின்னலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை முயன்று, ஐந்தாம் வளைவிலேயே ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.)

கண்ணியை எடுப்பதில் இரண்டே வகை. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுப்பது ஒன்று, முன்னால் வைத்துக்கொண்டு எடுப்பது மற்றொன்று. நிட், பர்ல் என்றே பின்னுகிறவர்கள் சொல்வார்கள். உலகத்தில் உள்ள ஊசிப் பின்னல் அழகுகளில் பெரும்பகுதி இவ்விரண்டின் சேர்க்கையே. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் விரிந்து சுருங்கும் விளிம்பு கிடைக்கும். குல்லாவின் அடிப்பகுதிக்கும் ஸ்வெட்டரின் மணிக்கட்டுக்கும் அதுதான் ஏற்றது. உங்களில் எவரேனும் பனியன் அணிந்திருந்தால் அதன் வெளிப்புறத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சின்னச் சின்ன அம்புமுனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உட்புறத்தில் அலை அலையான மேடுகள் தெரியும். என் ஊசியில் பிறக்கும் அதே கண்ணிதான். திருப்பூர் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் பிறக்கிறது. பருத்திப் பனியன் உடம்போடு இழைந்து நீள்வதும், அதே பருத்தியில் நெய்த சட்டை நீளாமல் இருப்பதும் நூலின் குணத்தால் அல்ல. கண்ணியின் வடிவம் மாற இடம் கொடுப்பதால்தான்.

பின்னல் என்றாலே குளிர்நாட்டுக் கம்பளி என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் சில, எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள். வெள்ளையும் நீலமும் கலந்து பின்னிய அவை ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று கருதப்படுகின்றன. இங்கிலாந்தில் 1589-ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். திருப்பூரில் பின்னல் பட்டறைகள் தோன்றியது 1920-களில். இயந்திரம் பிறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கையால் பின்னுகிறவர்கள் ஒழிந்துவிடவில்லை. ஏன் என்று கேட்டால், என்னைப் போன்றவர்களால் பொருளாதாரக் காரணம் எதையும் காட்ட முடியாது.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. முடித்தவை இடப்பக்கம், முடிக்காதவை வலப்பக்கம். இன்றைய கணக்கில் இடப்பக்கத்தில் 63 உருப்படிகள்: குல்லா 31, காலுறை 14 இணை, ஸ்வெட்டர் 9, குழந்தைகளுக்கான போர்வை 6, சால்வை 3. வலப்பக்கத்தில் இப்போது ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் நிறைந்து வழிந்தது.

அது நான் பின்னக் கற்ற அடுத்த ஆண்டு. பள்ளியை ஒட்டிய விடுதியில் மூன்றாம் வகுப்புச் சிறுமியர் பன்னிருவர் தங்கியிருந்தார்கள். மலையிலேயே தொலைவான சிற்றூர்களிலிருந்து வந்த குழந்தைகள். ஐப்பசி பிறந்ததும் அவர்களைக் கூட்டி, “மார்கழி பிறப்பதற்குள் ஆளுக்கொரு குல்லா” என்று வாக்களித்தேன். ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த நிறத்தைச் சொன்னாள். முதல் நாள் சிவப்பைத் தொடங்கினேன். மறுநாள் நீல நூலைப் பார்த்ததும் அதைத் தொடங்கினேன். தொடங்குவதில் ஒரு மயக்கம் இருக்கிறது, நேயர்களே. புது நூலின் நிறம் கண்ணை இழுக்கும். முதல் நான்கு வரிசைகளில் தவறே நேராது. முடிந்த பொருள் மனத்துக்குள் முழுமையாக நிற்கும். ஊசிகள் போதாமல் பழைய குடைக்கம்பிகளை அறுத்து, முனை தேய்த்து, ஊசியாக்கிக்கொண்டேன். ஒன்றரை மாதம் சென்றது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் மேசைக்கு வந்தன. அப்போது முடிந்திருந்தவை மூன்று. மற்ற ஒன்பதும் ஏதோ ஓர் உயரத்தில் ஊசியிலேயே நின்றன. பன்னிருவருக்கு நடுவில் மூன்று குல்லாக்களை எப்படிக் கொடுப்பது? பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பச்சை நிறம் கேட்டவள் மட்டும் விடாமல் வந்து நிற்பாள். “டீச்சர், என் குல்லா எது வரைக்கும் வந்திருக்கு?”

“காதைத் தாண்டிவிட்டது, அம்மா.”

“அப்ப இன்னும் தலைதான் பாக்கி” என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பெற்றோர் வேலை தேடி மலையிறங்கிவிட்டார்கள், பிள்ளையையும் உடன் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் ஊர்க்காரர் சொன்னார். மற்றப் பதினொன்றையும் அடுத்த மார்கழிக்குள் முடித்துக் கொடுத்தேன்.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா? கையில் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, வெறும் வகுப்பறையில் இந்தத் தவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். ஒரு குல்லாவுக்கு ஐந்து மாலை. பன்னிரண்டு குல்லாவுக்கு அறுபது மாலை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால் 5-ஆம் நாள் ஒன்று, 10-ஆம் நாள் ஒன்று என்று வரிசையாக முடிந்து, கடைசிக் குல்லா 60-ஆம் நாள் முடியும். ஒரு குழந்தை சராசரியாகக் காத்திருக்க வேண்டிய நாள் முப்பத்திரண்டரை. மாறாக, மாலைக்கொரு குல்லாவாகச் சுழற்சி முறையில் பின்னினால், முதற் குல்லாவே 49-ஆம் நாள்தான் முடியும். பிறகு நாளுக்கு ஒன்றாக முடிந்து, கடைசிக் குல்லா அதே 60-ஆம் நாளில் முடியும். சராசரிக் காத்திருப்பு ஐம்பத்துநான்கரை நாள். உழைப்பு இரண்டிலும் ஒன்றே! 45-ஆம் நாள் விடைத்தாளோ காய்ச்சலோ குறுக்கிட்டால் வேறுபாடு இன்னும் கொடியது. ஒருவழியில் ஒன்பது குழந்தைகளின் தலையில் குல்லா இருக்கும். மற்றொரு வழியில் ஒன்றுகூட இராது. நான் செய்தது ஒழுங்கான சுழற்சியும் அன்று. அதனால்தான் மூன்றாவது தேறின.

அன்றிலிருந்து ஊசியில் இரண்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஒன்று ஸ்வெட்டர் போன்ற பெரிய வேலை; வீட்டில் இருந்து செய்வது. மற்றொன்று காலுறை போன்ற சிறியது. பைக்குள் போட்டுக்கொண்டு, காத்திருக்கும் இடங்களில் எடுப்பது. காலுறையில் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு காலுக்கு முடித்தவுடன் வெற்றி பெற்றுவிட்ட எண்ணம் வந்துவிடும். மறு காலுக்குக் கை எழாது. ஆகையால் முதற் காலுறையின் கடைசிக் கண்ணியை மூடிய அதே இரவில், தூங்கப் போகுமுன், இரண்டாவதற்குக் கண்ணிகளை ஏற்றி நான்கு வரிசையாவது போட்டு வைத்துவிடுவேன்.

தொடங்குமுன் செய்வன சில உண்டு. யாருக்கு, என்று வேண்டும், அளவு என்ன என்று நோட்டில் எழுதாமல் நூல் வாங்குவதில்லை. வாங்கும்போது முழுவதற்கும் சேர்த்தே வாங்குவேன். நூற்கண்டின் உறையில் நிறத்தின் எண்ணோடு சாயத் தொகுதியின் எண்ணும் அச்சிட்டிருக்கும். தொகுதி மாறினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த நிறம் வெயிலில் இரண்டாகத் தெரியும். லூதியானாவிலிருந்து வந்து சேரும் நூலில் அதே தொகுதியை இரண்டாம் முறை தேடுவது வீண் அலைச்சல். ஊசியின் எண்ணையும் குறித்துக்கொள்வேன். நம் கடைகளில் விற்கும் பழைய ஆங்கில எண் முறையில் எண் பெருகப் பெருக ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். செவ்வாய்க்கிழமையில் தொடங்காதே என்பார் அத்தை. அதை நான் பொருட்படுத்துவதில்லை. மின்சாரம் நின்றுபோன இரவில் மட்டும் தொடங்குவதில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையானது மாதிரித் துண்டு. அதே நூலில் அதே ஊசியால் ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்து, உலர்த்தி, மறுநாள் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பது. புதுப் பின்னல் தொடங்கும் ஆவலில் இருப்பவர்க்கு இதைப் போல எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. நானும் ஒருமுறை தவிர்த்தேன். என் தாயாருக்கு ஸ்வெட்டர். சுற்றளவு 90 சென்டிமீட்டர் வேண்டும். நூலின் உறையில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று அச்சிட்டிருந்தது; அதை நம்பி 198 கண்ணிகளுக்குத் திட்டமிட்டேன். ஆனால் என் கை நூலை இறுக்கி இழுக்கும் கை. 24 கண்ணிகள் அடங்கிவிட்டன. 198-ஐ 24-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள்: எண்பத்திரண்டரை சென்டிமீட்டர். ஏழரை சென்டிமீட்டர் குறைவு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுதும் அதை அணிந்துகொண்டுதான் இருந்தார். பொத்தான்களுக்கிடையே துணி வாய் பிளப்பதைப் புடைவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார் என்பதைக் கோடை வந்தபிறகுதான் அறிந்தேன்.

பிரித்தேன். தச்சன் குறைத்து அறுத்த பலகை நீளாது. பின்னுகிறவளுக்கு அந்தத் துன்பம் இல்லை. கடைசிக் கண்ணியின் முடிச்சை அவிழ்த்து இழுத்தால் மூன்று மாத உழைப்பு ஒரு மாலைக்குள் நூலாகிவிடும். சுருள் சுருளாக வரும் அந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். மறுபடி பின்னியது அளவாக அமைந்தது. அதுவே நோட்டின் இடப்பக்கத்தில் ஏறியது.

அந்தப் பக்கத்தில் ஏறுவதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன். கடைசி வரிசையை மூடிவிட்டால் மட்டும் போதாது. தொங்கும் நூல்முனைகளை உட்புறம் செருகி, பக்கங்களைத் தைத்து, பொத்தான் வைத்து, உரியவர் கையில் கொடுத்த நாளைத்தான் முடித்த நாளாக எழுதுகிறேன். கடைசியில் மிஞ்சும் அந்த ஒரு மணி நேர வேலைக்காக அரையாண்டு பெட்டியில் கிடந்த ஸ்வெட்டர்களை நான் அறிவேன்.

பெரிய வேலையைச் சிறிய முடிவுகளாகப் பிரித்துக்கொள்வதற்கு நம் தலைநகரில் ஒரு நல்ல சான்று நிகழ்ந்தது. 2016-ஆம் ஆண்டு சனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ என்ற குழுவினர் சென்னையில் 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஒரே போர்வையை விரித்துக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார்கள். குரோஷே என்பது ஒற்றைக் கொக்கியால் செய்வது. எங்கள் இரட்டை ஊசிக்கு உறவுக்காரக் கலை. பல ஊர்ப் பெண்கள் தனித்தனியே முடித்த சிறு போர்வைகளை இணைத்ததே அந்தப் பெரும் போர்வை. அவர்களில் ஒருத்தியேனும் முழுப் போர்வையையும் தன் மடியில் வைத்துத் தொடங்கியிருந்தால், இன்றும் முதற் மூலையில்தான் இருந்திருப்பாள்.

வலப்பக்கத்தில் மீதி நிற்கும் அந்த ஒன்று, பச்சைக் குல்லா. பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். மூன்று மாலை வேலைதான் பாக்கி. ஆனால் மூன்றாம் வகுப்புச் சிறுமியின் தலைக்கு எடுத்த அளவு அது. அவள் இப்போது எந்த ஊரில் இருந்தாலும் அவள் பிள்ளைகளே அந்த வயதைக் கடந்திருப்பார்கள். கண்ணிகள் ஏறியபடியே அது வேப்பிலைக்கு நடுவில் பெட்டியின் அடியில் இருக்கிறது. 8-ஆம் எண் ஊசி வேறு வேலைக்குத் தேவைப்படும்போதெல்லாம் கடையில் புது இணை வாங்கிக்கொள்கிறேன்.