சவ்வுக்குப் போய்ச் சேரும் புரதம்

1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், சோதனைக்காக வளர்த்த விலங்குகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. அதை அங்கே ஆராய்ந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921-இல் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதே நோயை ரங்கூனில் மனிதர்களிடம் கண்டறிந்து 1912-இல் எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். விட்மோர் நோய் என்றும் இதைச் சொல்வதுண்டு. கிருஷ்ணசாமியின் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும்.

ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா, நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். ஜெண்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பெரும்பாலும் மசியாது. உள்ளே நுழையும் மருந்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று அதன் சவ்வில் இருக்கிறது. பம்பின் முக்கியப் புரதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. உள்சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவி நிற்கிறது.

ஆனால் புரதம் உருவாவது செல்லின் நீர்ப்பகுதியில், ரைபோசோமில். சவ்வின் கொழுப்புக்குள் நிற்க வேண்டிய பகுதிகளுக்கு நீர் ஆகாது. சங்கிலி முழுவதும் நீரிலேயே முடிந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகும். அதனால் இத்தகைய புரதங்களை பாக்டீரியா கட்டும்போதே சவ்வுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த வேலை ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில்தான் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது.

ரைபோசோமிலிருந்து நீரை வெறுக்கும் முதல் பகுதி எட்டிப் பார்த்ததுமே, ஒரு புரதமும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. துகளின் பள்ளத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் வரிசையாக அமைந்திருக்கிறது. மெத்தியோனினின் பக்கக்கிளைகள் வளைந்து கொடுப்பவை. ஆகவே பிடிக்கப்படும் பகுதியில் அமினோ அமிலங்கள் எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசையில் இருக்கத் தேவையில்லை. நீரை வெறுக்கும் குணம் போதுமான அளவு இருந்தால் பிடி விழும். எத்தனையோ விதமான புரதங்களை ஒரே துகள் அடையாளம் காண்பது இப்படித்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

சவ்வில் காத்திருக்கும் ஏற்பி துகளை வாங்கி, ரைபோசோமை செக் என்னும் கால்வாயின் வாயில் அமர்த்துகிறது. கால்வாயின் பக்கச்சுவர் திறக்க, ஒவ்வொரு பகுதியாகக் கொழுப்புக்குள் நகர்கிறது. புரதத்துக்குள்ளேயே அது போகவேண்டிய இடத்தின் குறிப்பு இருக்கிறது என்று காட்டிய குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார்.

மீண்டும் அந்தப் பம்புக்கு வருவோம். மலேசியாவின் சரவாக்கில் மெலியாய்டோசிஸ் பாக்டீரியா வகைகள் பல ஜெண்டமைசினுக்கு மடிகின்றன. பம்பின் அதே உள்சவ்வுப் புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றபடி, மெலியாய்டோசிஸுக்கு மருத்துவர்கள் நம்புவது செஃப்டாசிடிம், மெரோபெனம் ஊசிகளை. பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.