கல்லும் பாடம் சொல்லும்

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது எம்மவர் பழமொழி. எமது சிறார்களின் பாறைப் பாடமும் அப்படித்தான் இருந்தது. புத்தகத்தில் பெயர் இருக்கும், கையில் கல் இராது. கையில் ஒரு கல்லைக் கொடுத்தாலோ, மனனம் செய்த பெயர் ஒன்றும் வாயில் வராது.

நாம் ஷார்ஜாவில் ரோலாப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர். ரோலா என்றால் இவ்வூர் வழக்கில் ஆலமரம். பழைய ஆலமரம் இன்று இல்லை; அதன் நினைவுச் சின்னம் மட்டும் சதுக்கத்தில் நிற்கிறது. விடுமுறைக் காலைகளில் எமது பிள்ளைகளை ஒரு வீட்டில் கூட்டித் தமிழும் சிறிது விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கின்றோம். கடந்த மாரிகாலத்தில் கற்களை இனங்காணவும் வகைப்படுத்தவும் பழக்கினோம். அதில் நாம் கற்றுக்கொண்டதைப் புதிதாகக் குடியமர்ந்த குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். இதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

முதலில் கண், பிறகு பெயர்

வீட்டிலும் வீதியிலும் கிடைத்தவற்றையே சேர்த்தோம். கட்டட வேலைக்குக் கொட்டிய கரிய சல்லிக்கல், மாபிள் கடையில் உடைந்து கிடந்த வெள்ளைத் துண்டு, குதிக்கால் தேய்க்கும் நுரைக்கல், பலசரக்குக் கடையில் வாங்கிய இந்துப்புக் கட்டி, இஞ்சி உள்ளி தட்டும் சிறு கல்லுரல். இவற்றோடு வேண்டுமென்றே ஒரு செங்கல் துண்டையும் கொங்கிறீற்றுத் துண்டையும் கலந்து வைத்தோம்.

முதல் நாள் நாம் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "உங்கள் விருப்பப்படி பிரித்து வையுங்கள். ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றோம். ஒருவர் நிறத்தால் பிரித்தார், ஒருவர் பாரத்தால். ஒரு சிறுமி "மினுங்குறது, மினுங்காதது" என்று இரண்டு குவியல் செய்தாள். எல்லாமே சரியான விடைகள்தான். வகைப்படுத்தல் என்பது ஒரு காரணத்தோடு பிரிப்பது என்பதைப் பிள்ளை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

செங்கல்லும் கொங்கிறீற்றும் பாறையல்ல, மனிதர் செய்தவை என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நெடுநேரம் எடுத்தது. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் சல்லி மட்டும் உண்மையான பாறை என்று ஒருவர் வாதாடி வென்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று சோதனைகள்

அடுத்ததாகச் சோதனைகள். முதலாவது, பூதக்கண்ணாடியால் பார்த்தல். மணிமணியாக இருக்கிறதா, படைபடையாக இருக்கிறதா, துளை இருக்கிறதா, சிப்பி தெரிகிறதா?

இரண்டாவது, கீறிப் பார்த்தல். 1812இல் பிரெட்ரிக் மோஸ் என்பவர் கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அதில் எமது நகம் ஏறத்தாழ 2.5. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கல்சைற்று 3. குவார்ட்சு 7. ஆகவே நகம் கீறாத சுண்ணாம்புக்கல்லை இரும்பாணி கீறும். குவார்ட்சில் ஆணியின் ஜம்பம் பலிக்காது.

மூன்றாவது, வினாகிரிச் சோதனை. கல்லை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளின்மேல் ஒரு துளி விடுங்கள். குமிழி எழுந்தால் அதில் கல்சைற்று உண்டு. கல்லின்மேல் நேரே விட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியாமற் போகலாம்; தூளில் நன்றாகத் தெரியும். சுரண்டும் வேலையைப் பெரியவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகுதான் மூன்று பெயர்களைச் சொன்னோம். உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மெல்ல ஆறினால் மணிகள் பெரிதாகும், சடுதியாக ஆறினால் சிறுக்கும். எரிமலையிலிருந்து வந்த நுரைக்கல் இவ்வினம். மண்ணும் மணலும் சிப்பியும் படிந்து இறுகினால் அடையற் பாறை. கடல்நீர் வற்றிப் படிந்த இந்துப்பும் இதில் சேரும். இருந்த பாறையே நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருகாமல் மாறினால் உருமாறிய பாறை. பச்சைமண் குடம் சூளையில் உருகாமலே வேறொன்றாகி வருகிறதல்லவா, அதைப் போல என்று சொன்னோம். சுண்ணாம்புக்கல் இப்படி மாறியதே மாபிள். அதனால்தான் மாபிளும் வினாகிரியில் குமிழி விடும். ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு சுவரின் முன்னால்

ரோலாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஷார்ஜாவின் பழைய நகர் இருக்கிறது. அங்கே பைத் அல் நபூதா போன்ற பழைய வீடுகள் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டப்பட்டவை. சுவரை அண்டிப் பார்த்தால் முருகைப் பூச்சிகள் வாழ்ந்த சின்னஞ்சிறு அறைகள் தெரியும். பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். (பழைய சுவர்களில் வினாகிரி விடவோ கீறவோ கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். கண்ணுக்கு மட்டுமே அனுமதி.)

எம்மோடு ஒரு சிறுவன் வந்திருந்தான். தவணையின் நடுவில் வந்து சேர்ந்தவன். பாடசாலையில் வாய் திறப்பதில்லை என்று தாயார் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவன் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கட கிணத்துக்குள்ளயும் இப்பிடி வெள்ளைக் கல்லுத்தான். அப்பா வெடி வைச்சு உடைச்சவர்" என்றான்.

அவன் சொன்னதில் பெரியதொரு பாடமே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. அதுவும் கடலின் அடியில் படிந்த அடையற் பாறைதான். மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்த வெடிப்புகளிலும் குகைகளிலும் எமது கிணற்று நீர் தேங்குகிறது. நிலாவரைக் கிணறு அப்படி உண்டானது. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததும் இந்தக் கல்லை நம்பியே. பெரிய ஆறில்லாத குடாநாட்டில் தோட்டம் செய்ய முடிந்ததற்கும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்ப்பதற்கும் இந்தக் கல்லே காரணம். இலங்கையின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. எமது குடாநாட்டில் அது ஆழத்தில் மறைந்துவிட்டது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வேண்டிய கருங்கல் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது அதனால்தான்.

இதையெல்லாம் நாம் விளக்க, அந்தச் சிறுவன் தன் வீட்டுக் கிணற்றின் ஆழத்தைக் கையால் காட்டிக்காட்டிச் சொன்னான். அன்று வகுப்பில் அதிகம் தெரிந்தவன் அவன்தான்.

மலைகளும் ஒரு சந்தேகமும்

வாய்ப்புள்ளவர்கள் ஷார்ஜாவிலிருந்து கோர்பக்கான் போகும் பாதையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வழியிலுள்ள ஹஜார் மலைகளின் கரும்பழுப்புப் பாறைகள் ஒரு காலத்தில் கடலடித் தரையாகவும் அதற்குக் கீழாகவும் இருந்தவை. ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பின்பு தரைமேல் தள்ளப்பட்டவை. அங்குள்ள கபுரோ போன்ற தீப்பாறையும் சுண்ணாம்புக்கல்லும் உடைக்கப்பட்டே இந்நாட்டுக் கட்டடங்களுக்குச் சல்லி ஆகின்றன. 2020இல் திறக்கப்பட்ட புஹைஸ் புவியியல் பூங்காவிலும் பாறைகளையும் கடலுயிர்ச் சுவடுகளையும் காணலாம். பக்கத்திலுள்ள ஃபாயாவில் எடுத்த கற்கருவிகள் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் பழையவை என 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2025இல் அப்பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய இடங்களிலிருந்து ஒரு கல்லும் எடுக்கக்கூடாது. வெயில் காலத்தில் போகவும் வேண்டாம்.

எமது பெட்டியில் "இன்னும் தெரியாது" என்று ஓர் அறையும் வைத்திருந்தோம். அது வெட்கத்துக்குரியதல்ல. கல்கத்தாவில் யோப் சார்னொக் என்பவரின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரப் பக்கத்துப் பாறையை ஒத்தது எனக் கண்ட ஹொலண்ட் என்ற அறிஞர், 1893இல் அப்பாறைக்குச் சார்னொக்கைற்று என்று பெயரிட்டார். தமிழ் மண்ணின் அந்தக் கல் தீப்பாறையா, உருமாறியதா என்று அறிஞர்களே நெடுங்காலம் வாதாடினார்கள். அப்படியிருக்க, எமது பிள்ளை ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் என்ன குறை?

பெற்றோருக்கு

வெறுமையான முட்டை மட்டை ஒன்று போதும், அருமையான கற்பெட்டி ஆகிவிடும். ஒவ்வொரு கல்லிலும் இலக்கம் எழுதுங்கள். கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே நிறம், மணி, கீறல், வினாகிரி, முடிவு என்று பிள்ளையே எழுதட்டும். பெயரைத் தமிழிலும் பாடசாலை மொழியிலும் எழுதட்டும். எல்லாவற்றுக்கும் முதலில் எழுத வேண்டியது, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பது. இடம் தெரியாத கல்லின் கதையில் பாதி தொலைந்துவிடும்.

நீங்கள் எந்த நாட்டில் குடியமர்ந்திருந்தாலும் உங்கள் வாசற்படியில், நடைபாதை ஓரத்தில், ஆற்றங்கரையில் ஒரு கல் கிடக்கும். புதிய மண்ணை எமது பிள்ளைகள் அறிந்துகொள்ள அது ஒரு வழி. விட்டு வந்த மண்ணைப் பற்றி அவர்களிடம் பேசத் தொடங்கவும் அதுவே ஒரு வழி.

அந்தச் சிறுவனின் கொப்பியில் ஏழாம் இலக்கத்துக்கு எதிரே கல் இல்லை. ஆனால் எழுதியிருக்கிறான்: "சுண்ணாம்புக்கல். அடையற் பாறை. எடுத்த இடம்: எங்கட கிணத்தடி. இன்னும் எடுக்கவில்லை."

அந்த அறையை நாம் வெறுமையாகவே வைத்திருக்கின்றோம்.