பிரேக் போடும் சத்தம் எதைச் சொல்கிறது?

ஜூன் மாதத்தில் ராத்திரி முழுக்க மழை கொட்டி ஓய்ந்த காலையில், மும்பை திலக் நகரின் ம்ஹாடா குடியிருப்புக் கட்டடங்களுக்கு இடையே நிற்கும் கார்கள் கிளம்பும்போது கரகரவென்று சத்தம் போடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஈரத்தில் இரும்பு டிஸ்க்கின் மேல் லேசாகத் துரு பிடித்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பேட் அதைத் தேய்த்து எடுத்துவிடும்.

அடங்காத சத்தம்தான் கவனிக்க வேண்டியது. அமர் மஹால் சிக்னலில் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் 'கிரீச்' என்று கேட்டால், பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் சின்ன எஃகுத் தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், எச்சரிக்கைக்கென்றே வைத்தது. அதையும் மீறி ஓட்டினால் பேட்டின் இரும்பு முதுகே டிஸ்க்கை அறுக்கும். பேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்துவிடும். அதைவிட மோசம், கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடிவிடும். முன்னால் சாலையைக் கடப்பது பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தேய்மானம் இல்லாமலும் சத்தம் வரும். பேட்டைப் பிடித்திருக்கும் காலிபரின் ஊசி (pin) வறண்டு இறுகியிருக்கலாம், சூட்டில் பேட்டின் முகம் கண்ணாடிபோல் வழவழத்திருக்கலாம், பின் டிரம்மில் தூசி அடைந்திருக்கலாம். ஆகவே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கப் பேட் வெளியிலிருந்து தெரியாது. பேட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. சத்தத்தை அடக்க பேட் முகத்தில் எண்ணெய் தடவ யாரையும் விடாதீர்கள், பிரேக் பிடிக்காமல் போகும். தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மும்பைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

சில சமயம் குற்றம் காரிலேயே இருக்கும். 2022 அக்டோபரில் மாருதி சுசுகி, வேகன் ஆர், செலெரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐத் திரும்ப அழைத்தது. பின்பக்க பிரேக்கில் உள்ள ஒரு ஊசி (pin) உடையக்கூடும், அப்போது வித்தியாசமான சத்தம் வரலாம் என்பது காரணம். பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. உங்கள் காருக்கு இப்படி அழைப்பு உண்டா என்று சேஸிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனியிடம் கேளுங்கள்.

பழுது தெரிந்தும் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி குற்றம்: 1,500 ரூபாய் அபராதம். அதனால் யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் 'பிரேக் சத்தம்' என்று எழுத வையுங்கள், கழற்றிய பழைய பேட்டைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பணம் வாங்கியும் வேலை சரியாக நடக்கவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மும்பை புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.