தாத்தா பெட்டியில் ராணுவத் துப்பாக்கி! தேய்க்காதீர்கள், மறைக்காதீர்கள்!

வல்லக்கோட்டை முருகன் கோவில் குளத்துக்கு ஆயுதத்தின் பெயர். வஜ்ர தீர்த்தம்! இந்திரன் தன் வஜ்ராயுதத்தால் உண்டாக்கியது என்பது தல புராணம். ஆயுத பூஜை வந்துவிட்டால் ஒரகடம் சாலைக் கம்பெனிகளில் மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்தான்.

அப்படி ஒரு நாளில் உங்கள் வீட்டுப் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டி கீழே இறங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே வேட்டியில் சுற்றிய ஒரு பொருள். பிரித்தால்... துருவேறிய கைத்துப்பாக்கி!

"தாத்தா பட்டாளத்துல இருந்தப்போ கொண்டு வந்ததுடா" என்கிறார் பாட்டி.

"குடு பாட்டி, பட்டறையில பபிங் போட்டு பளபளன்னு ஆக்கிடறேன்" என்கிறான் ஷிப்டு முடிந்து வந்த பேரன்.

அங்கேதான் ஆபத்து! பபிங் சக்கரம் துருவை மட்டும் தின்னாது. அந்தத் துப்பாக்கியின் ஜாதகத்தையே தின்றுவிடும்.

பகத்சிங் துப்பாக்கி

ஒரு நம்பருக்கு என்ன மதிப்பு? 1928 டிசம்பர் 17-ந்தேதி லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பகத்சிங்கின் துப்பாக்கி என்று பதிவானது, அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த .32 பிஸ்டல்.

பிறகு அது எங்கே போனது என்பது ஊருக்குத் தெரியாமல் போயிற்று. பஞ்சாப் மாநிலம் பில்லூர் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் இருந்து 1969-ல் இந்தூருக்குப் போன ஆயுதங்களில் அதுவும் ஒன்று. அங்கே எல்லைப் பாதுகாப்புப் படையின் மியூசியத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க மேலே பெயிண்ட் வேறு!

2016-ல் தேடல் தொடங்கியது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். அடியில் இருந்த நம்பர்: 168896. பழைய பதிவேட்டில் இருந்ததும் அதே நம்பர்! பெயிண்டுக்குப் பதிலாக யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால்? அது வெறும் இரும்பு. அவ்வளவுதான்.

அம்பு சொல்லும் கதை

வெள்ளைக்கார ராணுவத் துப்பாக்கிகளில் மூன்று கோடு சேர்ந்த சின்ன அம்புக்குறி இருக்கும். சர்க்கார் சொத்து என்று பொருள். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால், ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள்.

வெப்ளி என்ற பெயர் இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காம் சரக்கு. அதில் 6-ம் மார்க் ரிவால்வர் முதல் உலகப்போர் காலத்தில், 1915-ல் ராணுவத்துக்கு வந்தது. குண்டின் அளவு .455 அங்குலம். என்பீல்டு .38 ரிவால்வர் 1932-ல் வந்தது. அதற்கெல்லாம் மூத்தது கம்பெனிக் காலத்துச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. அதன் பக்கவாட்டுத் தகட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்க முத்திரை இருக்கலாம். ஆனால் உஷார்! கம்பெனித் துப்பாக்கி என்று சொல்லிப் போலிகளும் நிறைய விற்பனை ஆகின்றன.

இன்னொன்று. அந்தக் காலப் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாய் தோளில் இருந்தது ரைபிள். ரிவால்வர் பெரும்பாலும் ஆபீசர் இடுப்பில்தான். அதனால், தாத்தா கையில் அது எப்படி வந்தது என்பதற்குக் காகிதம் உண்டா என்று பெட்டியின் அடிவரை தேடுங்கள். பழைய லைசென்சு, விற்ற ரசீது, டிஸ்சார்ஜ் புத்தகம் எதையும் குப்பையில் போட வேண்டாம்.

"பழசுதானே சார்?"

"துருப்பிடிச்சது சார், சுடாது சார்" என்றால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருவது உண்மை. யாருக்கு? பழங்கால மாதிரியாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுடமுடியாத துப்பாக்கிக்கு மட்டும். அதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது. லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில். ராணுவ ரகத்தில் தடை செய்யப்பட்டதாக இருந்தால் தண்டனை இன்னும் கடுமை. பட்டறையில் ரிப்பேர் செய்வதும் லைசென்சு இல்லாமல் குற்றம்தான்!

வழி உண்டு. லைசென்சுதாரர் இறந்துவிட்டால், வாரிசு தாமதம் செய்யாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். பிறகு தன் பெயருக்கு லைசென்சு கேட்கலாம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரிடமும், கமிஷனர் உள்ள நகரத்தில் போலீஸ் கமிஷனரிடமும் மனு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு.

முதல் வேலை

பெட்டியில் கண்டவுடன் குண்டு இருக்கிறது என்றே நினையுங்கள். குதிரையில் விரல் வைக்காதீர்கள். குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பழைய தோட்டாவை அடுப்பிலோ குப்பையிலோ கிணற்றிலோ போடவே கூடாது.

புளி வேண்டாம்!

லைசென்சு கைக்கு வந்த பிறகு பராமரிப்பு சுலபம். குண்டு இல்லை என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பித்தளை விளக்கு தேய்க்கிற புளியும், பூஜைக்கு வைக்கிற எலுமிச்சம்பழமும் இரும்பை அரிக்கும் சத்துருக்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுக்காகும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய் சில சொட்டு, பழைய பருத்தித் துணி ஒன்று, அது போதும்.

கை வியர்வையில் உப்பு இருக்கிறது. அதனால் கையுறை போடுங்கள். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரம் இழுக்கும். கரும்பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அப்படியே விடுங்கள். அது அழுக்கு அல்ல, வயது!

வைத்துக்கொள்ள மனம் இல்லையா? எழும்பூர் மியூசியத்திலும், கோட்டை மியூசியத்திலும் பழைய ஆயுதங்களைப் பார்க்கலாம். முத்திரை அழியாமல் இருப்பதால்தான் அவற்றுக்கு ஊரும் பேரும் இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பெட்டி இறங்கும்போது பேரன் கையில் உப்புத்தாள் இருக்கக் கூடாது. தாத்தாவின் லைசென்சுக் காகிதம் இருக்க வேண்டும்.