தண்ணீர்த் தாங்கியில் குடியிருக்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் சஃபோக் கரையோரத்தில், தோர்ப்னெஸ் என்ற கிராமத்தில் அப்படி ஒரு கோபுரம் இருக்கிறது. ‘முகில்களில் வீடு’ என்பது அதன் பெயர்.

அந்த விடுமுறைக் கிராமத்துக்குத் தண்ணீர் கொடுக்க 1923இல் அதைக் கட்டினார்கள். உயரம் சுமார் 70 அடி. உருக்குச் சட்டத்தின் உச்சியில் 50,000 கலன் கொள்ளும் தாங்கி. பக்கத்துக் காற்றாலை அதற்குத் தண்ணீர் ஏற்றியது. வெறும் தாங்கி கண்ணை உறுத்தும் என்று பலகைச் சுவரும் சரிந்த கூரையும் சன்னல்களும் வைத்து மறைத்தார்கள். தாங்கிக்குக் கீழே ஆட்கள் குடியிருந்தார்கள். 1977இல் பொதுக் குழாய்நீர் வந்தது. 1979இல் தாங்கியைக் கழற்றினார்கள். அது இருந்த இடம் இன்று சுற்றுப்புறம் முழுதும் தெரியும் பெரிய அறை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? 50,000 கலன் தண்ணீர் ஏறத்தாழ 227 தொன். அத்தனையையும் சுமந்த சட்டத்துக்கு ஒரு குடும்பமும் அதன் தளபாடங்களும் பெரிய பாரமல்ல. சிக்கல் வேறு இடத்தில். தண்ணீருக்கு வெளிச்சமும் காற்றும் தேவையில்லை. மனிதருக்கு இரண்டும் வேண்டும், தீப்பிடித்தால் இறங்கி ஓட வழியும் வேண்டும். டென்மார்க்கின் யேகர்ஸ்போர்க் தண்ணீர்க் கோபுரத்தை 2006இல் மாணவர் குடியிருப்பாக மாற்றிய கட்டடக் கலைஞர் டோர்தே மாண்ட்ரூப், சுவருக்கு வெளியே துருத்தும் கண்ணாடி மாடங்களால் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தார்.

கொழும்பில் நடந்தது இதற்கு நேர்மாறு: வீடு இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. 1880களில் லபுகம நீர்த்தேக்கத்தின் தண்ணீர் நகருக்கு வந்தபோது மாளிகாகந்தை மேட்டில் நீர்த்தேக்கம் அமைத்தார்கள். மேடே கோபுரத்தின் வேலையைச் செய்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரப் பக்கம், குடியேற்றநாட்டுச் செயலாளர் பிலிப் அன்ஸ்ட்ரதர் கட்டிய எலீ ஹவுஸ் மாளிகை இருந்த மேடும் பின்னர் நீர்த்தேக்கமாயிற்று. வீடு போய்விட்டது, நீர்த்தேக்கத்துக்கு அதன் பெயர் நிலைத்தது.

இன்று கொழும்பு வெள்ளவத்தையில் பழைய வீடுகள் விழுந்து தொடர்மாடிகள் எழுகின்றன. பழைய கட்டடம் எதையும் இடிக்குமுன் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும்: எவ்வளவு பாரம் தாங்கும்? வெளிச்சத்துக்கு எங்கே திறக்கலாம்? ஆட்கள் எப்படிப் பத்திரமாக இறங்குவார்கள்? தோர்ப்னெஸ் கோபுரம் இன்று நிற்பது, தண்ணீர் போன பிறகும் அதற்கு ஒரு பயன் தேடியதால்தான். நம் நகரத்துப் பழைய கட்டடங்களுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுப்போம்.