விரிசல் சுவரிலா, மண்ணிலா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. 11 நிலைகள்; சுமார் 192 அடி உயரம். நாமும் கழுத்து வலிக்கும் வரையில் பார்த்தோம். பிறகு இராஜபாளையம் சென்றோம். அங்கே நாம் பார்க்க வேண்டியிருந்ததோ குனிந்து பார்க்கவேண்டிய விஷயம். ஊருக்குக் கிழக்கே, கரிசல் காட்டை ஒட்டிய ஒரு சிறு வீட்டின் பேஸ்மட்டச் சுவர் விரிசல் கண்டிருந்தது.

"மூன்று வருஷமாகப் பூசுகிறோம், ஐயா! பூசின இடம் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று வாய் திறக்கிறது" என்றார் அவ்வீட்டு அம்மாள். கோடைதோறும் சுவருக்குக் கொட்டிய பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் மகளுக்கு ஒரு ஜோடி வளையலாவது செய்திருக்கலாம் என்பது அவருடைய மனக்குறை.

கொத்தனாரின் கைமேல் குற்றமில்லை. சுவர் நிற்கும் பூமியின் குணம் அப்படி. மேற்கே மலையடிவாரத்தில் செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். ஈரத்தைத் தேக்கி வைத்துப் பருத்தியை வளர்க்கும் அதே கரிசல், மழையில் பொங்கிக் கோடையில் சுருங்குகிறது. சித்திரை மாதத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்திருப்பதைக் காணாத குடியானவர் உண்டா? அந்த வயலில் நடப்பதுதான் வீட்டின் அடியிலும் நடக்கிறது. கனத்த கட்டிடம் தன் பாரத்தால் மண்ணை அமுக்கி வைக்கிறது. ஓரடுக்கு வீட்டையோ மண் எளிதில் தூக்கி விடுகிறது. ஆகவே இந்தத் தொல்லை பெரும்பாலும் சிறிய குடும்பங்களுக்கே வந்து சேருகிறது.

கோடையில் வீட்டின் ஓரத்து மண் முதலில் காய்ந்து இறங்க, மூலையும் உடன் இறங்கி, ஜன்னல் முனையிலிருந்து படிப்படியாக விரிசல் ஓடுகிறது. அப்போது அதைக் கெட்டியான சிமெண்டினால் அடைத்து விடுகிறோம். ஐப்பசி மழையில் மண் பொங்கி மூலையை மேலே தூக்குகிறது. பழைய விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கிறது. நாம் வைத்த சிமெண்டோ ஆப்பாக நின்று தடுக்கிறது. சுவர் பாவம், வேறு எங்கே போகும்? பக்கத்தில் பிளந்து கொள்கிறது!

ஆதலால் அடைப்பதற்கு முன் விரிசலைப் படிக்க வேண்டும். பூச்சில் மட்டும் தெரியும் மயிரிழைக் கோடுகளால் பயமில்லை. மேலே அகன்ற விரிசல், ஓரம் இறங்கியதைக் காட்டும். கீழே அகன்றது, நடு இறங்கியதையோ ஓரம் தூக்கியதையோ காட்டும். பேஸ்மட்டச் சுவர் வெளிப்புறமாகத் தள்ளியிருந்தால், தோண்டிய கரிசலையே உள்ளே கொட்டி நிரப்பியிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்திருப்பது உத்தமம். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, கதவும் நிலையில் இறுகினால், தாமதியாமல் எஞ்சினீயரை அழைக்க வேண்டும்.

முதல் வைத்தியம் ஜலத்துக்கு. கூரைத் தண்ணீரும் துவைகல் தண்ணீரும் சுவரோரம் தேங்கலாகாது. வீட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல், வெளிப்புறம் சரிவாகத் தளம் போட வேண்டும். வேம்பையும் அரசையும் சுவரை ஒட்டி வளர்க்கக் கூடாது. வேர்கள் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆனால் முதிர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டுவதும் அபாயமே. உறிஞ்ச வேர் இல்லாமல் மண் பொங்கும். இவ்வளவும் செய்து, விரிசல் அசையாமல் நின்ற பிறகே அதை வாய் அகலப்படுத்தி, தூசி போக்கி, நனைத்து அடைக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. அது சற்று விட்டுக் கொடுக்கும்.

புதிதாகக் கட்டுவோருக்கு நம் நாட்டு விஞ்ஞானமே வழி காட்டியிருக்கிறது. 1947-ல் ரூர்க்கியில் தோன்றிய மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கென்றே 'அண்டர் ரீம்டு பைல்' முறையை வளர்த்தது. அசையும் மேல்மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில், தண்டைப்போல் இரண்டரை மடங்கு பருத்த குமிழுடன் கான்கிரீட் தூண் இறங்கும். மேலே ஓடும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். மண் பொங்கினால் பொங்கிக்கொள்ளட்டும் என்றுதான்! அத்தனை செலவுக்கு இயலாதவர்களும் பேஸ்மட்டத்துக்குள் கரிசலைத் தவிர்த்துச் சரளை மண்ணையாவது நிரப்பலாம்.

நாம் விடைபெறும்போது அம்மாளின் மகள் பென்சிலுடன் வந்து, விரிசலின் முனையில் கோடிட்டு அன்றைய தேதியை எழுதினாள். துவைகல்லை எங்கே மாற்றிப் போடுவது என்று வீட்டில் ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. இந்தக் கோடையில் அவர்கள் சிமெண்டு வாங்கப் போவதில்லை.